உப்பைக் குறைத்த பின்னும் ஏறிய உப்பு

நீண்ட பதிவு. வீட்டிலோ சுற்றத்திலோ சிறுநீரக நோயாளி ஒருவர் இருப்பவர்கள் முழுவதும் வாசிக்க வேண்டுகிறேன். மொழியியல் படிப்போர்க்கும் இதில் ஒரு செய்தி உண்டு.

தமிழ் பேசும் சிறுநீரக நோயாளிகளிடையே ஒரு கேள்வி வழங்கி வருகிறது: "உங்களுக்கு உப்பு எவ்வளவு இருக்குது?" கேட்கப்படுவது சமையலறை உப்பைப் பற்றி அன்று, இரத்தத்தில் உள்ள கிரியாட்டினின் அளவைப் பற்றி. சிலர் யூரியாவையும் உப்பு என்றே சொல்வர். "உப்பு 8 ஆயிருச்சு, டயாலிசிஸ் பண்ணணும்னு சொல்லிட்டாங்க" என்னும் தொடரைக் கேட்டிராத மருத்துவமனை வராந்தா தமிழ்ச் சூழலில் இல்லை எனலாம். வேதியியலின்படி கிரியாட்டினினும் யூரியாவும் உப்புகளே அல்ல. ஆயினும் இதை மக்களின் அறியாமை என்று ஒதுக்குவது பொருந்தாது. தெரிந்த ஒரு சொல்லை நீட்டித்தான் எந்த மொழியும் தெரியாத ஒன்றைச் சுட்டத் தொடங்குகிறது. உடலில் தேங்கக் கூடாத, கண்ணுக்குத் தெரியாமல் நீரில் கரைந்திருக்கிற ஏதோவொன்றுக்கு உப்பைவிட நெருக்கமான சொல் வேறு எது கிடைத்திருக்கும்?

சிக்கல் எழுவது மருத்துவரின் அடுத்த அறிவுரையில்: "உப்பைக் குறையுங்கள்." அவர் சொல்வது சோடியம் குளோரைடை. சோடியம் மிகுந்தால் தாகம் எடுக்கும், நீர் கோக்கும், இரத்த அழுத்தம் உயரும். நோயாளியோ இரண்டு உப்பையும் ஒன்றாகவே கேட்கிறார். வாயில் குறைத்தால் இரத்தத்திலும் குறையும் என்று எண்ணுகிறார். இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று நிற்கிறது. சிறுநீரகம் செயலிழந்தவர்களின் இதயத்தைச் சில மணி நேரத்தில் நிறுத்தக் கூடியது அதுதான். பொட்டாசியம் என்ற அந்தப் பொருளுக்கு நோயாளியின் பேச்சில் பெயரே இல்லை.

என் தந்தையார் பாலக்காட்டு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில் தென்னையும் நேந்திரன் வாழையும் பயிரிடுபவர். கேரளத்துக்குள் தமிழ் பேசும் ஊர் எங்களுடையது. நான் ஐதராபாத்தில் ஆய்வு மேற்கொண்டிருக்கிறேன். அவருக்கு வாரம் 2 முறை, திங்களும் வியாழனும், டயாலிசிஸ். மருத்துவமனையில் பேச்சு மலையாளம், பரிசோதனை அறிக்கை ஆங்கிலம், வீட்டில் தமிழ். மூன்றையும் அவர் தம் அளவில் சமாளித்தே வந்தார். வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடாது, கீரையையும் காயையும் நிறைய நீரில் வேகவைத்து நீரை வடித்துவிட வேண்டும் என்று கொடுக்கப்பட்ட பட்டியலைச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்து, தம் தோட்டத்து இளநீரைக்கூட ஒன்றரை ஆண்டுகளாகத் தொடாமல் இருந்தவர் அவர்.

கடந்த ஆண்டு விடுமுறைக்கு நான் ஊருக்குச் சென்றிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கட்டிலிலிருந்து எழ முயன்று மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். "காலு ரெண்டும் நம்மளுது மாதிரியே இல்ல கண்ணு" என்றார். நெஞ்சு வலி இல்லை. மூச்சுத் திணறல் இல்லை. காய்ச்சல் இல்லை. மறுநாள் காலை டயாலிசிஸ் இருக்கிறதே, அதுவரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது அவருடைய எண்ணம். அம்மா அதற்கு இசையவில்லை. வண்டி பிடித்துப் பாலக்காட்டுக்குக் கொண்டு சென்றோம்.

அவசரப் பிரிவில் முதலில் எடுத்தது இ.சி.ஜி. இரத்தப் பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே பணி மருத்துவர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு விரைந்து நடக்கத் தொடங்கினார். ஒவ்வொரு துடிப்பின் தொடக்கத்திலும் இருக்க வேண்டிய சிறு மேடு காணாமற்போயிருந்தது. நடுவிலுள்ள கூரிய கோடு அகன்று பருத்திருந்தது. அதன் பின்வரும் அலை கூடாரம் போலக் குத்தென உயர்ந்து நின்றது. பின்னர் வந்த அறிக்கையில் பொட்டாசியம் லிட்டருக்கு 7.4 மில்லிமோல். இயல்பான அளவு ஏறத்தாழ 3.5 முதல் 5 வரை. அந்த அகன்ற கோடு மேலும் அகன்று பின்னலையோடு கலந்து நெளியும் ஒற்றை வரியாகிவிட்டால், அடுத்த நிலை இதயம் தாறுமாறாக அதிர்வது அல்லது நின்றுபோவது என்பதை அம்மருத்துவர் பிறகு விளக்கினார்.

இது எவ்வாறு நிகழ்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உடலிலுள்ள பொட்டாசியத்தில் ஏறத்தாழ 98 விழுக்காடு செல்களுக்குள் இருக்கிறது. செல்லுக்குள் அதன் செறிவு 140 என்றால், வெளியே இரத்தத்தில் 4 மட்டுமே. இந்தப் பெரும் ஏற்றத்தாழ்வுதான் இதயத் தசைச் செல்லின் சுவரில் மின்னழுத்தத்தைத் தாங்கி நிற்கிறது. ஒவ்வொரு துடிப்பும் அந்த அழுத்தம் சட்டென மாறி மீள்வதுதான். நாம் அன்றாடம் உண்ணும் பொட்டாசியத்தில் ஏறத்தாழ 90 விழுக்காட்டைச் சிறுநீரகங்கள் வெளியேற்றுகின்றன. அவை செயலிழந்தால் வெளியே இருக்கும் 4 மெல்ல 5 ஆகும், 6 ஆகும், 7 ஆகும். எண்ணளவில் சிறிய உயர்வுதான். ஆனால் உள்ளுக்கும் வெளிக்குமான விகிதம் குலைகிறது. செல் முழுமையாக ஓய்வுக்குத் திரும்ப இயலாமல் அரைவிழிப்பில் கிடக்கிறது. துடிப்பைத் தொடங்கிவைக்கும் சோடிய வாயில்கள் ஒவ்வொன்றாகச் செயலற்றுப் போகின்றன. மின்னோட்டம் ஊர்ந்து செல்கிறது. இ.சி.ஜியில் கோடு அகல்வது அந்த ஊர்தலின் தடம். கால்கள் தம்முடையவை அல்ல என்று தந்தையார் உணர்ந்ததும் இதே குலைவு தசைகளில் வெளிப்பட்டதால்தான். அவருக்காவது கால்கள் சொல்லின. பலருக்கு எந்த அறிகுறியும் தோன்றுவதில்லை. பொட்டாசியம் மிக உயர்ந்தும் இ.சி.ஜி ஏறக்குறைய இயல்பாகவே இருப்பதும் உண்டு.

முதலில் கால்சியம் குளுக்கோனேட்டை நரம்பு வழியே மெல்லச் செலுத்தினார்கள். சில நிமிடங்களில் திரையில் கோடு ஒடுங்கத் தொடங்கியதை நான் கண்ணால் கண்டேன். கால்சியம் பொட்டாசியத்தைச் சிறிதும் குறைப்பதில்லை. இதயச் செல்லின் சுவரை அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை நிலைப்படுத்தி அவகாசம் தருகிறது, அவ்வளவே. இந்த அறிவின் வேர் 1880களில் இருக்கிறது. இலண்டனில் சிட்னி ரிங்கர் என்னும் மருத்துவர் தவளையின் இதயத்தை உப்புக் கரைசல்களில் இயங்கச் செய்து ஆராய்ந்தபோது, கால்சியம் இல்லாமல் அது துடிக்காது என்பதையும், பொட்டாசியம் மிகுந்தால் அது தளர்ந்து நின்றுவிடும் என்பதையும், இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்பவை என்பதையும் கண்டறிந்தார். அடுத்து இன்சுலினும் குளுக்கோசும் ஏற்றினார்கள், சால்பியூட்டமால் ஆவி பிடிக்கச் செய்தார்கள். இவை பொட்டாசியத்தைச் செல்களுக்குள் தள்ளுபவை. உடலைவிட்டு வெளியேற்றுபவை அல்ல. வெளியேற்றியது நள்ளிரவில் தொடங்கிய டயாலிசிஸ்தான்.

மறுநாள் காலை தந்தையார் என்னைக் கேட்ட கேள்வி: "உப்பத்தான் நல்லாக் கொறச்சுட்டேனே சாமி, அப்பறம் எப்படி உப்பு ஏறுச்சு?"

அவர் குறைத்தது உண்மைதான். மூன்று வாரங்களுக்கு முன் எங்கள் அத்தை, அண்ணன் உப்பில்லாமல் உண்ண முடியாமல் அல்லாடுவதைக் கண்டு, கோயம்புத்தூரில் ஒரு பெரிய கடையிலிருந்து சோடியம் குறைந்த உப்புப் பொட்டலங்கள் சிலவற்றை வாங்கி வந்து கொடுத்திருந்தார். அன்பின் காரணமாகச் செய்தது. பொட்டலத்தின் முகப்பில் இதயத்துக்கு நல்லது என்ற பொருளில் ஒரு வாசகமும் இருந்தது. பின்புறம் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், பொட்டாசியம் குளோரைடு. இத்தகைய உப்பில் சோடியம் குளோரைடின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு அந்த இடத்தைப் பொட்டாசியம் குளோரைடைக் கொண்டு நிரப்புகிறார்கள். கால் பங்கு அவ்வாறு நிரப்பப்பட்டது என்று கொண்டால், நாளொன்றுக்கு 10 கிராம் உப்பில் 2.5 கிராம் அது. அதில் ஏறத்தாழ 1,300 மில்லிகிராம் பொட்டாசியம். நடுத்தர அளவுள்ள 3 வாழைப்பழங்களில் இருப்பது அவ்வளவுதான். பழத்தைத் தொடாதவர் ரசத்திலும் மோரிலும் அதை உட்கொண்டிருந்தார். சுவை சற்றுக் குறைவு என்பதால் ஒரு சிட்டிகை கூட்டியும் போட்டுக்கொண்டார். இதனுடன் வியாழனுக்கும் திங்களுக்கும் நடுவிலுள்ள நீண்ட இடைவெளியும் சேர்ந்ததுதான் காரணமாக இருக்கக்கூடும் என்று சிறுநீரக மருத்துவர் கருதினார்.

இடைவெளியைப் பற்றி ஒரு சொல். வாரம் 3 முறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் அமெரிக்க நோயாளிகளின் தரவுகளை ஆராய்ந்து 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 2 நாள் இடைவெளிக்குப் பின் வரும் நாளில் இறப்பும் இதயக் கோளாறுகளும் ஏனைய நாள்களைவிட மிகுதி என்று காட்டியது. நம் நாட்டில் செலவாலும் தொலைவாலும் வாரம் 2 முறையோடு நிறுத்திக்கொள்வோர் பலர். அவர்களுக்கு வாரத்தின் ஒரு பக்கத்து இடைவெளி எப்போதும் அதைவிட நீளம். ஞாயிற்றுக்கிழமை விருந்துகளும் திருமணங்களும் பெரும்பாலும் அந்த இடைவெளிக்குள்தான் வருகின்றன.

தந்தையாரின் கேள்விக்கு மருத்துவமனையில் கிடைத்த விடை, "பொட்டாசியம் கூடிப்போச்சு" என்பது. அச்சொல்லை அவர் ஒன்றரை ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார். அறிக்கைத் தாளில் அது ஆங்கில எழுத்தொன்றாக, கே என்று மட்டும் இருக்கும். அவருக்கு அது ஓர் ஒலி. பின்னால் எந்தப் பொருளும் நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்த பின் நான் அவரிடம் சொன்னது இது: "அப்பா, தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்துன்னு சொல்லுவீங்களே, அதுல சாம்பல் சத்துதான் இது."

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நாம வாழைக்கு வெக்கற பொட்டாஷையா இத்தன நாளா ரசத்துல போட்டுக் குடிச்சேன்?" என்றார்.

அதேதான். உரக்கடையில் மூட்டையாக விற்கும் மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு. உணவுக்கு உரிய தூய்மை அதற்கு இல்லை என்பதைத் தவிர, மூலப்பொருள் ஒன்றே. நாற்பது ஆண்டுகள் கையால் அள்ளி வாழைக்கும் தென்னைக்கும் இட்ட பொருள். கோயம்புத்தூர் வானொலியின் வேளாண் நிகழ்ச்சியிலும் பொள்ளாச்சி உரக்கடையிலும் அவர் கேட்டுப் பழகிய சொல். பொட்டாஷ், பொட்டாசியம் என்னும் இரண்டுக்கும் இவ்வளவு ஒலியொற்றுமை இருந்தும் அவை அவர் மனத்தில் சந்திக்கவில்லை. ஒன்று வயல் வழக்குச் சொல், மற்றது மருத்துவமனை வழக்குச் சொல். ஒரே மனிதர் இரு வழக்குகளையும் அறிந்திருக்கலாம். இடையில் வாசல் இருக்கிறது என்று எவரேனும் காட்டாதவரை அவர் ஒன்றிலிருந்து மற்றதற்குள் நடந்து செல்வதில்லை.

சாம்பல் சத்து என்பதில் ஒரு வரலாறும் அடங்கியிருக்கிறது. ஐரோப்பாவில் மரத்தையும் செடிகளையும் எரித்த சாம்பலை நீரில் ஊறவைத்து, அந்நீரைப் பானைகளில் காய்ச்சி எடுத்த பொருளுக்குப் பானைச் சாம்பல் என்னும் பொருளில் பொட்டாஷ் என்று பெயர் வந்தது. 1807இல் ஹம்ஃப்ரி டேவி அதிலிருந்து மின்பகுப்பு முறையில் ஒரு புதிய தனிமத்தைப் பிரித்து, பொட்டாசியம் என்று பெயரிட்டார். கே என்ற குறியீடு காலியம் என்னும் பெயரிலிருந்து வந்தது. அதுவும் செடிச் சாம்பலைக் குறிக்கும் அரபுச் சொல்லின் வழியே பிறந்தது. ஆக அறிக்கைத் தாளில் இருக்கும் அந்த ஒற்றை எழுத்தும், ஆங்கிலப் பெயரும், நம் உழவர்களின் சொல்லும் மூன்றுமே சாம்பலைத்தான் சொல்கின்றன. அவற்றுள் பேசுவோனுக்கு இன்றும் பொருள் தெரியும்படி நிற்பது தமிழ்ச் சொல் ஒன்றே.

பெயர் விளங்கிய பிறகு தந்தையாரிடம் நிகழ்ந்த மாற்றமே இப்பதிவை எழுதத் தூண்டியது. சுவரில் இருந்த பட்டியல் அவருக்கு அதுவரை கட்டளைகளின் தொகுப்பு. வாழை, இளநீர், கீரை ஆகியவற்றுக்கு இடையே என்ன உறவு என்று அதில் இல்லை. இப்போது அவரே காரணம் சொன்னார்: வாழையும் தென்னையும் சாம்பல் சத்தை மிகுதியாகக் கேட்கும் பயிர்கள். மண்ணிலிருந்து எடுப்பதைக் காயிலும் நீரிலும் சேர்த்து வைக்கின்றன. 100 மில்லி இளநீரில் ஏறத்தாழ 200 முதல் 250 மில்லிகிராம் பொட்டாசியம் இருப்பதை நான் சொன்னபோது அவருக்கு வியப்பில்லை. "நாம போட்டதுதானே" என்றார். சத்து நீரில் கரையும் என்பதால் காயை வடித்து உண்ணச் சொல்கிறார்கள் என்பதும், வடித்த நீரில் ரசம் வைக்கக் கூடாது என்பதும் அவருக்கே தோன்றின. அடுத்த வாரம் ஓர் உறவினர் சாம்பலில் செய்த நாட்டு மருந்துப் பொடி ஒன்றைக் கொண்டுவந்தபோது, பட்டியலில் இல்லாத அதை, எவரையும் கேட்காமல், அவரே மறுத்தார்.

பட்டியல் தெரிந்த ஆபத்துகளை மட்டுமே தடுக்கும். அத்தையின் பொட்டலம் பட்டியலில் இல்லை, ஆகவே உள்ளே வந்தது. பொருள் விளங்கிய ஒரு சொல், பட்டியல் எழுதியவர் எண்ணிப்பாராத பொருளையும் நோயாளியே இனங்காண உதவுகிறது.

சோடியம் குறைந்த உப்பைக் குற்றவாளியாக்குவது என் நோக்கமன்று. சீனத்தின் 600 சிற்றூர்களில் நடந்து 2021இல் முடிவு வெளியான பெரிய ஆய்வில், கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கொண்ட உப்பை உண்டோரிடையே பக்கவாதமும் இறப்பும் குறைந்தன. உலகச் சுகாதார நிறுவனம் 2025 சனவரியில் அத்தகைய உப்பை ஆதரித்து வழிகாட்டுதல் வெளியிட்டது. அதே வழிகாட்டுதல், சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்கு இது பொருந்தாது என்றும் கூறுகிறது. ஒருவருக்கு இதயத்தைக் காப்பது இன்னொருவருக்கு இதயத்தை நிறுத்தக் கூடும். பொட்டலத்தின் முகப்பு வாசகம் முதலாமவரிடம் மட்டுமே பேசுகிறது.

உணவு மட்டுமே வழியன்று என்பதையும் சேர்க்க வேண்டும். மருந்துப் பெயர்களின் விகுதியைக் கவனியுங்கள்: எனலாப்ரில், ராமிப்ரில் எனப் "ப்ரில்" என்று முடிபவை, லோசார்டன், டெல்மிசார்டன் எனச் "சார்டன்" என்று முடிபவை. இவை இரத்த அழுத்தத்துக்கும் சிறுநீரகத்தைக் காக்கவும் தரப்படும் நல்ல மருந்துகள். எனினும் பொட்டாசியம் வெளியேறுவதைக் குறைக்கக் கூடியவை. ஸ்பைரோனோலாக்டோனும், கடையில் கேட்டு வாங்கும் வலிநிவாரணிகள் பலவும் அத்தகையவை. இவற்றைத் தாமாக நிறுத்துவது வேறு ஆபத்து. எப்போது பொட்டாசியத்தைப் பரிசோதிக்க வேண்டும் என்று மருத்துவரைக் கேட்பதே செய்ய வேண்டியது.

தந்தையாருக்கு அடுத்த படுக்கையில் ஒருவர் வருவார். தையற்கடை வைத்திருந்தவர், நகைச்சுவையாகப் பேசுபவர். மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை அவர் வரவில்லை. அன்று விடியற்காலை உறக்கத்திலேயே இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. என்ன காரணம் என்று எவராலும் சொல்ல இயலாது. அந்நேரத்தில் அவர் மார்பில் இ.சி.ஜி கம்பி இல்லை, இரத்தம் எடுக்க ஆளும் இல்லை. அவரிடம் தந்தையார் முன்பொரு நாள் சாம்பல் சத்தைப் பற்றி ஆர்வத்தோடு விளக்கியிருக்கிறார். தையற்காரர் சிரித்துவிட்டு, "நமக்குச் சட்டைத் துணிதாங்க தெரியும்" என்றாராம். இதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். உழவருக்குத் திறந்த சொல் தையற்காரருக்குத் திறக்கவில்லை. எல்லோருக்கும் பொதுவான ஒரு தமிழ்ச் சொல்லை ஆக்கிக் கொடுத்துவிட்டால் பணி முடிந்தது என்று கருதும் கலைச்சொல்லாக்கம் இங்கே போதுமானதாக இல்லை. ஒவ்வொரு நோயாளியும் எந்தத் தொழிலின் மொழியில் உலகை அறிந்திருக்கிறார் என்று கேட்டறிந்து, அங்கிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. டயாலிசிஸ் நடக்கும் 4 மணி நேரம் அவ்வாறு உரையாடப் போதுமான நேரம்.

நண்பர்களிடம் இரண்டு வேண்டுகோள். மொழிபெயர்ப்பிலும் சமூக மொழியியலிலும் ஈடுபட்டிருப்போர், உங்கள் ஊர் டயாலிசிஸ் பிரிவில் ஒரு நாள் உட்கார்ந்து, நோயாளிகள் தம் உடலைப் பற்றி எந்தச் சொற்களில் பேசிக்கொள்கிறார்கள் என்று குறித்துத் தாருங்கள். தெலுங்கிலும் கன்னடத்திலும் மராத்தியிலும் உழவர்களும் மீனவர்களும் தச்சர்களும் இதை எவ்வாறு சொல்வார்கள் என்று அறிய விரும்புகிறேன். வீட்டில் சிறுநீரக நோயாளி இருப்போர், சமையலறைக்குச் சென்று உப்புப் பொட்டலத்தின் பின்புறத்தை இன்றே வாசியுங்கள். கால்கள் திடீரெனத் தளர்ந்தாலோ, நெஞ்சு இயல்பின்றி அடித்துக்கொண்டாலோ, மறுநாள் டயாலிசிஸ் இருக்கிறது என்று காத்திராமல் அன்றிரவே ஓர் இ.சி.ஜி எடுத்துவிடுங்கள்.

தந்தையார் நலமாக இருக்கிறார். வாழைக்கு இரண்டாம் முறை உரமிடும் காலம் இது. கையுறை அணிந்துகொண்டு தாமே இடுகிறார்.